பழைய எல்லைக்கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட வேண்டாம்

இந்திய நில அளவைத் துறையின் சர்வேயர் ஜெனரல் அவர்களுக்கும், இந்திய–நேபாள எல்லைப் பணிக்குழுவின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் இருபது வருடங்களாகக் குடியிருக்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். வரப்பில் ஒரு சர்வே கல் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு வேறு வேலை ஓடாது. தலையாரியைக் கூட்டிக்கொண்டு புலப்படத்தோடு வயலில் இறங்கிவிடுவார். அந்தக் கண்தான் எனக்கும் வாய்த்தது போலிருக்கிறது.

போன நவம்பரில் நண்பர்கள் நால்வரோடு டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ சிகரம் வரை, இந்திய–நேபாள எல்லையான சிங்காலிலா முகட்டில் நடந்தேன். எல்லோரும் 3,636 மீட்டர் உயரத்தில் நின்று கஞ்சன்ஜங்காவைப் பார்க்கப் போகிறார்கள். நாங்களும் அதற்குத்தான் போனோம். ஆனால் இரண்டாம் நாளிலிருந்து என் கண் மலையை விட்டு வழியோரக் கற்களுக்குப் போய்விட்டது. அந்தப் பாதை இந்தியாவுக்குள்ளும் நேபாளத்துக்குள்ளும் மாறி மாறிப் போகிறது. தும்லிங்கில் படுத்தால் நேபாளம், கைரிபாஸில் டீ குடித்தால் இந்தியா. முள்வேலி கிடையாது. இடையில் இருப்பதெல்லாம் எல்லைத் தூண்கள்தான்.

காலிபோக்ரிக்குச் சற்று முன்னால் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் உயரம். சுண்ணாம்பு உரிந்து, வடக்கு முகம் முழுக்கப் பாசி. எண்ணைக் கண்ணால் படிக்க முடியவில்லை. விரலால் தடவியபோது கடைசி இலக்கம் மட்டும் தட்டுப்பட்டது. மேலே யாரோ நீலச் சாயத்தில் இரண்டு பெயர் எழுதி இதயம் வரைந்திருந்தார்கள். எதிர் டீக்கடைத் தீதி (அக்கா) சொன்னார்: “என் அடுப்பு நேபாளத்தில், நீங்கள் உட்கார்ந்திருப்பது இந்தியாவில்.” அதைச் சொல்ல அவருக்கு ஆதாரம் அந்தக் கல் ஒன்றுதான்.

இன்னும் கொஞ்சம் மேலே புதிய சிமென்ட் தூண் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அதன் காலடியில் பழைய கல் பெயர்ந்து பக்கவாட்டில் கிடக்கிறது. நடந்து வருகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டுகிறார்கள். யார் பெயர்த்தது என்று எனக்குத் தெரியாது, யார் மீதும் பழி சொல்லவும் வரவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்த முகடு எப்படி எல்லையானது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1815 டிசம்பரில் கையெழுத்தாகி 1816 மார்ச்சில் உறுதியான சுகௌலி உடன்படிக்கையால் மேச்சி ஆற்றுக்குக் கிழக்கே உள்ள மலைநாடு நேபாளத்தின் கையை விட்டுப் போனது. கீழே மேச்சி ஆறு எல்லை, மேலே முகடு எல்லை. முகட்டின் கிழக்கே விழும் மழை ரங்கீத் ஆறு வழியாகத் தீஸ்தா ஆற்றுக்கும், மேற்கே விழுவது நேபாளத்தின் இலாம் பக்கமும் இறங்குகிறது. மலையில் நீர் பிரியும் கோட்டை விட நேர்மையான எல்லை கிடையாது என்பது என் எண்ணம். ஆறு அப்படியல்ல. கண்டக் ஆறு படுகை மாறியதால், கரையோரத்துச் சுஸ்தா பகுதி எந்த நாட்டுக்கு என்று வந்த சிக்கல் இன்றுவரை தீரவில்லை.

கல் மட்டும் நட்டால் போதாது என்பதற்கும் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1890-இல் பிரிட்டனும் சீனாவும் சிக்கிம்–திபெத் எல்லையைப் பேசி முடித்தன. 1895-இல் ஜெலெப் லா கணவாயில் தூண் நட்டார்கள். தங்களைக் கேட்காமல் செய்த ஒப்பந்தத்தைத் திபெத்தியர் ஏற்கவில்லை. தூண் சீக்கிரமே உடைக்கப்பட்டது. இரண்டு பக்கத்தாரும் ஒப்பி, இரண்டு பக்கத்தாரும் காவல் காத்தால்தான் கல் நிற்கும். 2014-இல் உங்கள் பணிக்குழு இரு நாட்டு அளவையாளர்களையும் சேர்த்து அமைந்ததை அதனால்தான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

எங்கள் தமிழ்நாட்டில் இது புதிதும் இல்லை. ஊர் தானம் கொடுத்தால் பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, ஊரார் பார்க்கக் “கல்லும் கள்ளியும் நாட்டி” எல்லை குறித்ததைச் சோழர் செப்பேடுகள் சொல்கின்றன. சிவன் கோயில் நிலத்துக்குச் சூலக்கல், பெருமாள் கோயில் நிலத்துக்குச் சக்கரம் பொறித்த திருவாழிக்கல். அந்தக் கற்களில் எத்தனையோ இன்றும் வயலோரம் நிற்கின்றன, நிலம் கைமாறிப் போன பிறகும்.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பிரனீஸ் மலையில் 1856-க்கும் 1868-க்கும் இடையே பயோன் உடன்படிக்கைகளின்படி எல்லை குறித்து, கடலிலிருந்து கடல் வரை 602 எண்ணிட்ட குறிகள் வைத்தார்கள். இன்று அந்த எண்களைத் தேடித்தேடி நடப்பதற்கென்றே ஆட்கள் மலையேறுகிறார்கள். அங்கே 262-ஆம் கல்லருகே ஆண்டுதோறும் ஜூலை 13-ஆம் தேதி பிரெஞ்சுப் பள்ளத்தாக்கு ஊரார் ஸ்பானிய ஊராருக்கு மூன்று பசுக்கள் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. 1375-இல் மேய்ச்சல் தகராறில் வந்த தீர்ப்பு அது. சிங்காலிலாவிலும் யாக்கும் ஆடும் இரண்டு பக்கமும் மேய்கின்றன. அந்தக் கற்களைச் சுற்றியும் எவ்வளவு கதை இருக்கும்!

நான் கேட்பது இதுதான். புதிய தூண் எழுப்புங்கள், அது தேவை. பழைய கல் நகராமல் நிற்கிற இடத்தில் அதை அப்படியே விட்டு, அருகிலேயே புதியதை எழுப்ப முடியுமா பாருங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் எந்த இடத்தில் எந்த முகம் எந்தத் திசை பார்த்து நின்றது என்று குறித்துக்கொண்டு பத்திரப்படுத்துங்கள். தில்லி மிருகக்காட்சி சாலைக்குள் ஒரு கோஸ் மினார் நிற்கிறது. முகலாயர் காலத்துச் சாலை போய்விட்டது, மைல்கல்லை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறோம். அந்த மனசு மலைமேலும் வேண்டும்.

நடைபயணிகளுக்குத் திறந்திருக்கும் அந்த முகட்டுத் தூண்களின் எண்ணையும் நட்ட வருடத்தையும் ஒரு சிறு பட்டியலாக வெளியிட்டால் இன்னும் நல்லது. எண் தெரிந்தவன் அதன்மேல் பெயர் எழுத மாட்டான். சாய்ந்திருந்தால் உங்களுக்குத் தகவல் சொல்வான்.

நாங்கள் பார்த்த பதினான்கு கற்களையும் நாலு பக்கமும் படம் எடுத்து, பார்த்த தேதியோடு வைத்திருக்கிறோம். கேட்டால் அனுப்புகிறோம். வருகிற நவம்பரில் மறுபடி போகிறோம். அந்த நீலச் சாயத்தைத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு கல்லுக்குச் சேதமில்லாமல் எடுக்க எங்களுக்கு அனுமதி தருவீர்களா?

இப்படிக்கு,
தில்லியிலிருந்து ஒரு நடைபயணி