கையை விட்ட சிறுவன்

அன்புள்ள சுகந்தி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது.

நீ வைத்துவிட்டுப் போன இரண்டு நாவல்களையும் படித்தேன். பதினைந்து வயதுப் பிள்ளைகளின் புத்தகத்தை எனக்கு ஏன் தருகிறாய் என்று உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். முதலில் 'சேலஞ்சர் டீப்'. கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கும் நீ இதை எப்படித்தான் படித்தாயோ! ஓர் அத்தியாயம் மனநோய் வந்த கேடன் என்ற பையனின் மனத்துக்குள் ஓடும் கப்பலில், இன்னொன்று அவன் வீட்டில். நீல் ஷஸ்டர்மன் தன் மகன் பட்ட பாட்டிலிருந்து எழுதியிருக்கிறார். உள்ளே இருக்கும் கோட்டோவியங்கள் அந்த மகனே வரைந்தவை. காதல் வந்ததும் மனநோய் ஓடிவிடும் கதைகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் அந்தப் பொய் இல்லை. கேடன் ஓயாமல் நடக்கிறான். அண்ணனும் இரவெல்லாம் நடந்தான், நினைவிருக்கிறதா? "உட்காரேன்" என்று பன்னிரண்டு வருடம் அவனை அதட்டிக்கொண்டே இருந்தேன், சுகந்தி.

அடுத்தது 'எ மான்ஸ்டர் கால்ஸ்'. ஷிவோன் டவுட் மனத்தில் உருவான கதை. 2007இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. பேட்ரிக் நெஸ் எழுதி முடித்து 2011இல் வெளிவந்தது. பதின்மூன்று வயது கானரிடம் இரவு 12:07க்கு ஒரு மரம் நடந்து வருகிறது. மூன்று கதைகள் சொல்கிறது. நான்காவதை, அவனுடைய உண்மையை, அவன்தான் சொல்ல வேண்டும். சாகக்கிடக்கும் அம்மாவின் கையைக் கனவில் அவன் விட்டுவிடுகிறான். தாங்க முடியவில்லை, எல்லாம் முடிந்துபோகட்டும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டான். அதற்காக மரம் அவனைத் தண்டிக்கவில்லை. அவள் பிழைக்க வேண்டும் என்றும் நினைத்தாய், முடிந்துபோகட்டும் என்றும் நினைத்தாய், இரண்டும் நிஜம் என்கிறது.

அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன். அண்ணன் போன செய்தி வந்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. நிம்மதி. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய், உன்னிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அவன் மகனுக்குப் பதினான்கு ஆகிறது. அப்பாவைப் பற்றி வாயே திறப்பதில்லை. இந்தப் புத்தகத்தை அவனிடம் கொடுக்கலாமா, இன்னும் ஒரு வருடம் போகட்டுமா? கொடுத்தால் படித்த பிறகு அவன் பேச ஓர் ஆள் வேண்டும். என்னிடம் பேசமாட்டான், உன்னிடம் பேசுவான். அடுத்த மாதம் வந்து நாலு நாள் தங்கு.

உன்,
வசந்தி