தாம்பரத்தோடு நின்றுவிடும் ரயில்களைப் பற்றி ஒரு திறந்த மடல்

சென்னைப் புறநகர் ரயில்களின் நேர அட்டவணையை வகுக்கும் அதிகாரிகளுக்கும், பெருநகரப் போக்குவரத்தைத் திட்டமிடும் அனைவருக்கும்,

வணக்கம்.

ஆயுத பூஜையன்று இரவு தாம்பரத்தில் இறக்கிவிடப்பட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி. அரசு விடுமுறை என்று அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ரயில் ஓடியது. இப்படி அறிவிப்பது உங்களுக்குப் பழக்கம். அதைக் கேட்டுக்கொள்வது எங்களுக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தியாகராய நகரில் எந்தத் துணிக்கடைக்கு விடுமுறை? கடைப் பெண்களுக்கும், ஆஸ்பத்திரி ஆயாக்களுக்கும், ஓட்டலில் மேசை துடைப்பவர்களுக்கும், ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் அன்று வேலை நாள். மற்ற நாளைவிட அதிக நேரம் நின்ற நாள். கடை சாத்தியபின் ஓடிவந்து மாம்பலத்தில் ஏறினோம். தாம்பரத்தில் எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். அதற்கு மேல் அந்த வண்டி போகாது. அடுத்த செங்கல்பட்டு வண்டிக்காக நின்ற அந்த நேரத்தில்தான் இனியும் பேசாமல் இருக்கக்கூடாது என்று தோன்றியது.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து புறப்பட்டுத் தாம்பரத்தோடு நிற்கும் ரயில்களைச் செங்கல்பட்டு வரை விடுங்கள். எல்லாவற்றையும் விட முடியாது என்றால் ஒன்றுவிட்டு ஒன்றையாவது விடுங்கள். வாரநாளில் வரும் அரசு விடுமுறைகளில் இரவு வண்டிகளைக் குறைக்காதீர்கள்.

கடைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம் கேட்பார்கள்: "ஏன்க்கா, அவ்வளவு தூரத்துல போய் வீடு எடுத்தீங்க?" நான் இருப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். கணவருக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எனக்குத் தியாகராய நகரில் துணிக்கடை பில்லிங். இரண்டு வேலைக்கும் நடுவில் எங்காவது ஒரு வீடு வேண்டும். மாம்பலத்தில் பார்த்தோம். ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீட்டுக்குக் கேட்ட வாடகை என் சம்பளத்தில் பாதிக்கு மேல். அட்வான்ஸ் பத்து மாதம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. தரகரிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள், அடுத்த வீட்டைக் காட்டவே மாட்டார். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஒவ்வொரு நிலையமாகத் தெற்கே நகர்ந்தோம். தாம்பரத்தைத் தாண்டியதும் வாடகை சட்டென்று இறங்கியது. ஏன் இறங்குகிறது என்று யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தாம்பரத்துக்கு அப்பால் ரயில் குறைவு. ரயிலில் எடுத்துக்கொண்டதை வாடகையில் கழித்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

பெருங்களத்தூர் முதல் செங்கல்பட்டு வரை குடியேறியிருக்கும் பெரும்பாலானோரின் கணக்கு இதுதான். யாரும் காற்று வாங்க அங்கே போகவில்லை. மனை விளம்பரங்களில் "ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம்" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்த நிலையத்துக்கு இரவு எத்தனை மணிவரை, எவ்வளவு நேரத்துக்கு ஒரு ரயில் வரும் என்று ஒருவரும் போடுவதில்லை. வேலைக்குப் போகும் பெண் வீடு பார்க்கும்போது முதலில் விசாரிப்பது அதைத்தான். தண்ணீர் எப்படி என்பதுகூட அதற்குப் பிறகுதான்.

தாம்பரத்தில் இறங்கியபின் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அடுத்த வண்டி எந்த நடைமேடையில் என்று கடைசி நிமிடம்வரை நிச்சயமில்லை. அறிவிப்பு வந்ததும் எல்லோரும் படியேறி ஓடுவோம். பகல் முழுக்க நின்று வீங்கிய காலோடு, கையில் சாப்பாட்டுக் கூடையோடு. கழிப்பறை திறந்திருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். வண்டி வந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கும்போது ஷேர் ஆட்டோ எதுவும் இருக்காது. தனி ஆட்டோவுக்குக் கேட்கும் பணம் அன்றைய கூலியில் ஒரு பங்கு. கணவருக்கு இரண்டாம் ஷிப்ட் என்றால் கூட்டிப்போக யாரும் இல்லை. வீட்டில் பத்தாவது படிக்கும் மகள் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, நிமிடத்துக்கொரு முறை போன் செய்துகொண்டிருப்பாள். நான் ஜிஎஸ்டி சாலை ஓரமாக நடந்துகொண்டே அவளிடம் பேசுவேன். பேசிக்கொண்டே நடந்தால் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

இது என் கஷ்டம் மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். என் பக்கத்து பில்லிங் மேசையில் ஒருத்தி இருந்தாள். மறைமலை நகரில் வாடகை வீடு. கணவர் இல்லை, மூன்றாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன். பக்கத்து வீட்டு அம்மா அவனைப் பார்த்துக்கொள்வார். ஒருநாள் இரவு நிலையத்துக்கு வெளியே ஒருவன் பேசிய பேச்சில் பயந்துபோய்த் திரும்ப உள்ளே ஓடிவந்து, டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பையன் அம்மா வரவில்லை என்று இரவெல்லாம் அழுதிருக்கிறான். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்தாள். இப்போது மாம்பலத்தில் ஓர் அறையில் ஐந்தாறு பெண்களோடு இருக்கிறாள். பையன் மதுராந்தகத்தில் பாட்டியிடம். வார விடுப்பு கிடைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். தீபாவளி சீசனில் அந்த விடுப்பும் கிடையாது. தாம்பரத்தில் நின்றுபோன அந்த ரயில் செங்கல்பட்டு வரை போயிருந்தால், ஷேர் ஆட்டோ இருக்கும் நேரத்திலேயே அவள் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். பையன் அவளோடு இருந்திருப்பான். ஒரு தாயும் பிள்ளையும் எந்த ஊரில், யாரோடு வாழ்வது என்பதை உங்கள் அட்டவணையில் உள்ள ஒரு வரி முடிவு செய்திருக்கிறது. இதை நீங்கள் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் நடந்தது இதுதான்.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அன்றைக்குத் தாம்பரம் நகரத்துக்கு வெளியே இருந்த ஊர். அங்கே ரயில் நின்று திரும்பியதில் நியாயம் இருந்தது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரத் திட்டப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. செங்கல்பட்டும் அதற்குள் வந்துவிட்டது. வரைபடத்தில் நாங்கள் சென்னைக்காரர்கள். மனை விலையிலும் சென்னைக்காரர்கள். இரவு பத்து மணிக்கு மட்டும் சென்னை தாம்பரத்தோடு முடிந்துவிடுகிறது. எல்லையை விரித்தவர்களும் ரயிலை விடுகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்களா என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

கிளாம்பாக்கத்திலும் இதைத்தான் பார்த்தோம். 2023 டிசம்பர் 30 அன்று அவ்வளவு பெரிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. அன்றைக்கு அதன் பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் ஜனங்கள் பட்ட பாடு ஊரறிந்தது. முதலில் மக்களைக் கொண்டுபோய் விடுவது, அவர்கள் வந்துபோகும் வழியைப் பிறகு யோசிப்பது. எத்தனை காலத்துக்கு இப்படி?

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இலேயே அரசு அனுமதி கொடுத்தது. இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க வேண்டுமென்றால் அவர்கள் எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும், அவர்களுக்குத் தக்க பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று அந்த ஆணையிலேயே இருக்கிறது. நல்ல விதிதான். அந்தப் பாதுகாப்பு கடையின் ஷட்டரோடு முடிந்துபோகிறது. 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது நாங்கள் உண்மையாகவே மகிழ்ந்தோம். 2023 மே மாதம் மாம்பலம் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடாமல் வர முடிகிறது, அதற்கும் நன்றி. செய்கிற நல்லதை நாங்கள் மறக்கிறவர்கள் இல்லை. 2025 ஏப்ரலில் இதே பாதையில் குளிர்சாதன ரயிலும் வந்தது. அதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் 5 ரூபாய். ஏறுகிறவர்கள் ஏறட்டும். சீசன் டிக்கெட்டில் போகிற எங்களுக்கு வேண்டியது வேறு. நாங்கள் கேட்பது, ஏற்கெனவே ஓடுகிற சாதாரண ரயில் இன்னும் 30 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது மட்டுமே.

நீங்கள் சொல்லக்கூடிய பதில் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தாம்பரத்துக்குத் தெற்கே பாதை நெருக்கடி. பாண்டியன், நெல்லை, மலைக்கோட்டை என்று தென்மாவட்டங்களுக்குப் போகும் இரவு விரைவு வண்டிகள் எல்லாம் அதே நேரத்தில் அதே பாதையில் போகின்றன. அவற்றை நிறுத்தி எங்களை விடுங்கள் என்று கேட்கமாட்டோம். அதில் போகிறவர்களும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். தாம்பரம்–செங்கல்பட்டு நான்காவது பாதைக்கு ஒப்புதல் கிடைத்திருப்பது பற்றியும் படித்தோம், சந்தோஷம். ஆனால் மூன்றாவது பாதை போடும்போதும் எங்களிடம் இதையே சொன்னார்கள்: பாதை வரட்டும், ரயில் வரும். பாதை வந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்குமேல் எங்களுக்கு எத்தனை ரயில் கூடியது என்று உங்கள் ஆவணத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் பணிவோடு கேட்கிறேன். மின்ரயில் பணிமனை தாம்பரத்தில் இருப்பதால் இரவில் வண்டிகள் அங்கே போய் அடைவது வசதி என்பது புரிகிறது. அவற்றில் ஒன்றிரண்டு இரவில் செங்கல்பட்டுக்குப் போய் அங்கேயே நின்று, விடியற்காலை முதல் வண்டியாகக் கடற்கரைக்குத் திரும்பினால் என்ன? இரவு நாங்கள் வீடு போய்ச் சேருவோம். காலையில் பரனூர், சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர் மக்களுக்கு இன்னொரு வண்டி கிடைக்கும். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துப் பேசுகிறேன் என்று நினைத்தால், ஏன் முடியாது என்று விளக்குங்கள், கேட்டுக்கொள்கிறோம். ஆனால் ஒருநாள் இரவு, அதிகாரி வண்டியில் இல்லாமல், மாம்பலத்தில் எங்களோடு பெண்கள் பெட்டியில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி நின்று பார்த்துவிட்டு விளக்குங்கள்.

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தாம்பரத்தோடு நிற்கும் ரயில்களைச் செங்கல்பட்டு வரை விட வேண்டும். வாரநாள் விடுமுறைகளில் இரவு வண்டிகளைக் குறைக்கக் கூடாது. அடுத்த முறை அட்டவணை திருத்தும்போது இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். எடுத்துக்கொள்ள முடியும் என்றால் எந்தத் தேதியிலிருந்து என்றும், முடியாது என்றால் என்ன காரணத்தால் என்றும் பெருங்களத்தூர் முதல் செங்கல்பட்டு வரை ஒவ்வொரு நிலையத்திலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை முடிகிறது. வரும் தை மாதம் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் உங்கள் பதில் தெரிந்தால், இந்த வீட்டிலேயே இருப்பதா, நான் வேலையை விடுவதா என்று எங்கள் வீட்டில் முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மாம்பலத்துக்கு வேலைக்கு வந்துபோகும் ஒரு சீசன் டிக்கெட் பயணி