ஒரே ஒரு செட்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. உன் மகள் கல்லூரிக்குப் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள் என்பதை மனசு இன்னும் நம்ப மறுக்கிறது.

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "ஜிம் பக்கம் போய் மூன்று வருஷம் ஆகிறது, ஒன்றரை மணி நேரத்துக்கு எங்கே போவேன்?" அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். எனக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் கிடைக்கவில்லை. அதனால் ஒரு வருஷமாக வாரத்துக்கு 2 நாள், 8 பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு செட், அதாவது இடையில் ஓய்வில்லாமல் செய்கிற ஒரே சுற்று. ஆனால் அந்த ஒரு செட்டை, இனி ஒரு ரெப்கூட (இன்னும் ஒரே ஒரு தடவைகூட) வராது என்கிற இடம்வரை கொண்டுபோகிறேன். வார்ம்-அப் சேர்த்து 40 நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறேன்.

அந்த 'இனி வராது' எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு மாதக்கணக்கில் ஆனது. எடை ஏற்றிய பலகையைக் காலால் தள்ளுகிற லெக் பிரஸ்ஸில் 10 ரெப் ஆனதும் தொடை எரியும், மூச்சு வாங்கும், அவ்வளவுதான் என்று எழுந்துவிடுவேன். ஒரு நாள் பக்கத்தில் நின்ற பையன், "அண்ணா, இன்னும் இருக்கு, தள்ளுங்க" என்றான். தள்ளினேன். 11, 12 என்று வந்துகொண்டே இருந்தது. 14 ரொம்ப மெதுவாக ஏறியது. 15 பாதியில் நின்று, நடுங்கி, பிறகு ஏறியது. 16-ஐ எவ்வளவு அழுத்தியும் பலகை அசையவில்லை. அதே எடை, அதே கால்! இறங்கி நோட்டில் எழுதப் போனால் பென்சில் பிடித்த கை நடுங்கியது. 4 செட் அடித்த காலத்தில் இது எனக்குத் தெரிய வழியே இல்லை. அடுத்த செட்டுக்கு வேண்டுமே என்று உடம்பு தானாகவே மிச்சம் வைத்துக்கொள்ளும்.

நம் உடம்பு முதலில் சின்னத் தசை நார்களைத்தான் வேலைக்கு அனுப்பும். அவை களைக்கக் களைக்கத்தான் பெரியவை உள்ளே வரும். நாம் முழு பலத்தோடு தள்ளியும் எடை தானாக வேகம் குறைகிறதே, அந்தக் கடைசி நாலைந்து ரெப்பில்தான் எல்லா நாரும் சேர்ந்து இழுக்கிறது. முன்னால் வருகிறதெல்லாம் அந்த இடத்துக்குப் போகிற வழி.

இது புதுசும் இல்லை. நாட்டிலஸ் என்கிற உடற்பயிற்சி இயந்திரங்களைக் கொண்டுவந்த ஆர்தர் ஜோன்ஸ் 1970-களிலேயே குறைவாகச் செய், முழுசாகச் செய் என்று சொன்னவர். 1992 முதல் 1997 வரை தொடர்ந்து 6 முறை மிஸ்டர் ஒலிம்பியா என்கிற ஆணழகன் பட்டம் வாங்கிய டோரியன் யேட்ஸும் உச்ச செட் ஒன்றை நம்பியவர்தான். ஆனால் அதற்கு முன் அவர் அடித்த வார்ம்-அப் செட்டுகளே கனமானவை. அதைப் பலரும் சொல்வதில்லை.

உன்னிடம் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். தசை பருக்க வேண்டும் என்றால் கூடுதல் செட்டுக்குப் பலன் உண்டு. உடற்பயிற்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்ட் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே பழகிய 34 ஆண்கள் 8 வாரம் 1, 3, 5 செட் என்று பிரிந்து செய்தார்கள். தசை அதிகம் வளர்ந்தது 5 செட்காரர்களுக்கு. பலம் கூடியதோ மூன்று குழுவுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு செட்காரர்களுக்கு ஒரு நாள் பயிற்சி சுமார் 13 நிமிஷம், 5 செட்காரர்களுக்கு 68 நிமிஷம். இந்தக் கணக்கைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. மாடிப்படி ஏறினால் முழங்கால் தளரக்கூடாது என்றுதானே நீயும் கேட்கிறாய்?

சரி, தொடங்கினால் சில விஷயம் பார்த்துக்கொள். மூன்று வருஷ இடைவெளிக்குப் பிறகு முதல் மாதம் ஃபெயிலியர், அதாவது அந்த 'இனி வராது' எல்லை, வேண்டாம். 2 ரெப் மிச்சம் வைத்து நிறுத்து, அதற்கே பலன் வரும். படுத்துக்கொண்டு எடைக் கம்பியைத் தள்ளுகிற பெஞ்ச் பிரஸ்ஸும், அதைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற பார்பெல் ஸ்குவாட்டும் தனியாக இந்த எல்லைக்குக் கொண்டுபோகவே கூடாது. பார் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் தூக்கிவிட ஆள் வேண்டும். இயந்திரத்தில் செய், அல்லது கம்பி இறங்கிவிட்டால் தாங்கிக்கொள்கிற சேஃப்டி பார் உள்ள ரேக்கில் செய். மூச்சை அடக்காதே, அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். போன வருஷம் உனக்கு பிரஷர் இருந்ததாகச் சொன்னாய், அதனால் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். முதுகு வளைந்தாலோ, உடம்பை ஆட்டித் தூக்கினாலோ, செட் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்.

அப்புறம், ஒரு நோட்டு வாங்கு. எடை, ரெப், தேதி, இவ்வளவு போதும். ஒரு பயிற்சியில் 12 ரெப் வந்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் எடை ஏற்று. முதல் இரண்டு வாரத்துக் கணக்கை எனக்கு எழுதி அனுப்பு. என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி