வட்டாரச் செயலாளர்களே, முதலில் ஒரு நீள நோட்டு வாங்குங்கள்

தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வித் துறையில் ஆசிரியர் இயக்கங்களின் வட்டாரக் கிளைகளுக்குப் புதிதாகத் தேர்வாகியிருக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர், மகளிர் அணிப் பொறுப்பாளர் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் கையில் எந்தக் கூட்டணியின் கொடி இருக்கிறது என்பது இங்கே பேச்சில்லை. கூட்டணிகள் பல, வட்டாரக் கல்வி அலுவலகத்தின் வாசற்படி ஒன்றுதான். 1.6.2009-க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு 8,370 ரூபாய்க்குப் பதில் 5,200 ரூபாய் அடிப்படை ஊதியம் வந்த கதை, பழைய ஓய்வூதியம், மாநில முன்னுரிமை கொண்டுவந்த அரசாணை 243, இவற்றையெல்லாம் தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக்கும், ஆசிரியரும் அரசு ஊழியரும் சேர்ந்த ஜாக்டோ ஜியோவும் பேசும். அழைத்தால் வேன் பிடித்து ஆள் திரட்டிப் போவீர்கள், போகத்தான் வேண்டும். ஆனால் அப்படிப் போகிற நாள்கள் ஆண்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்ற நாளெல்லாம் உறுப்பினர் உங்களைத் தேடுவது ஓர் அரியருக்காக, ஒரு கையெழுத்துக்காக, எங்கோ நின்றுபோன ஒரு தபாலுக்காக. அதற்கு மைக் உதவாது, நோட்டுதான் உதவும்.

நீளமான கட்டு நோட்டு ஒன்று வாங்கி, எதிரெதிர்ப் பக்கம் இரண்டையும் சேர்த்துக் கோடு போடுங்கள். ஓர் ஆசிரியருக்கு ஒரு வரி. பெயர், பள்ளி, பிறந்த தேதி, முதல் நியமன நாள், இந்த வட்டாரத்தில் சேர்ந்த நாள், பணிவரன்முறை (நியமனத்தை முறைப்படுத்தும்) ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, இன்கிரிமெண்ட் வரும் மாதம் (ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் இவற்றில் எது), 10 ஆண்டு முடியும் நாள், 20 ஆண்டு முடியும் நாள், சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியம்) அல்லது சேமநல நிதி எண், ஆசிரியர் தகுதித்தேர்வு (டெட்) நிலை. கடைசியில் சான்றிதழ்களின் உண்மைத்தன்மைச் சரிபார்ப்புக்கு மட்டும் ஐந்து சிறு கட்டங்கள்: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, ஆசிரியர் பட்டயம், பட்டம், பி.எட். வாட்ஸாப் குழுவில் கூகுள் படிவம் விட்டு நிரப்பிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். நியமன நாளும் பணிவரன்முறை நாளும் வேறு வேறு என்பதே பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே எழுதினால்தான் தேதி சரியாக விழும்.

நோட்டு நிரம்பியதும் பணிப்பதிவேடான எஸ்.ஆரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தன் பணிப்பதிவேட்டைப் பார்க்கும் வாய்ப்பை ஆசிரியர் விடவே கூடாது. அலுவலகத்தில் தேர்தலோ கலந்தாய்வோ நடக்காத மாதமாகப் பார்த்து, பள்ளி வாரியாக நாள் கேட்டு எழுதிக் கொடுங்கள். திறந்ததும் எல்லோரும் புரட்டுவது கடைசிப் பக்கத்துக்கு. அங்கே இன்கிரிமெண்ட் ஏறியிருக்கும், மனசு ஆறும். பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய பக்கங்களை. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணி சரிபார்க்கப்பட்டது என்ற வரி ஒவ்வோர் ஆண்டுக்கும் இருக்கிறதா, அதன் கீழே சம்பளம் வழங்கும் அலுவலரின் கையெழுத்து இருக்கிறதா, ஊதியமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அது மருத்துவச் சான்றோடு எடுத்ததா இல்லையா என்று பதிவாகியிருக்கிறதா. சான்றில்லாத ஊதியமில்லா விடுப்பு இன்கிரிமெண்ட் தேதியைத் தள்ளும். அந்தத் தள்ளலை அன்றே போடாமல் பன்னிரண்டு வருடம் கழித்துத் தணிக்கை கண்டுபிடித்தால், பிடித்தம் மொத்தமாக வரும். அடித்தல் திருத்தல் உள்ள இடத்தில் சுருக்கொப்பம் இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒயிட்னர் பூசிய பிறந்த தேதி ஓய்வு பெறுகிற மாதத்தில்தான் பேச ஆரம்பிக்கும். அரசின் ஊதிய, பணிவிவர மென்பொருளான களஞ்சியத்தில் ஏற்றிய மின்பணிப்பதிவேட்டையும் இதே தாள்களோடு வைத்துப் பாருங்கள். தாளில் சரியாக இருக்கும் பணிவரன்முறை நாள் கணினியில் வேறாக இருப்பது அபூர்வமல்ல.

இனி உண்மைத்தன்மை. வட்டாரச் செயலாளரின் ஆயுளில் பாதியைத் தின்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். தகுதிகாண் பருவம், 10 ஆண்டில் வரும் தேர்வுநிலை ஊதியம், 20 ஆண்டில் வரும் சிறப்புநிலை ஊதியம் எதற்குக் கருத்துரு அனுப்பினாலும் சான்றிதழ்களின் உண்மைத்தன்மை எங்கே என்று கேட்பார்கள். 2012 டிசம்பரில் தகுதித்தேர்வு வழியே சேர்ந்தவருக்கு 2022 டிசம்பரில் தேர்வுநிலை. உண்மைத்தன்மையை 2022 நவம்பரில் கேட்க ஆரம்பித்தால் அரியர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து, பிளஸ் டூ, ஆசிரியர் பட்டயம் மூன்றும் அரசுத் தேர்வுத் துறைக்குப் போகும். பட்டமும் பி.எட்டும் அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அவர்கள் கேட்கும் கட்டணத்தோடு.

கோளாறு நடக்கும் இடம் ஒன்றுதான். ஆசிரியர் டிடி எடுத்து, நகல்களோடு தலைமையாசிரியர் வழியாக அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். டிடி மூன்று மாதம்தான் செல்லும். முகப்புக் கடிதம் தட்டச்சாகிக் கையெழுத்தாகி அனுப்புகைப் பதிவேட்டில் எண் விழுவதற்குள் அந்த மூன்று மாதம் ஓடிவிட்டால், பல்கலைக்கழகம் கட்டோடு திருப்பி அனுப்பும். திரும்பி வந்ததும் அதே கட்டின் அடியில் போய் உட்காரும். ஆசிரியரோ ‘அனுப்பியாச்சு சார்’ என்றே சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே நோட்டின் அந்தச் சிறு கட்டத்தில் ‘கொடுத்தது’ என்று எழுதாதீர்கள். அலுவலகத்திலிருந்து அனுப்பிய ந.க. எண்ணையும் (கோப்பு எண்) தேதியையும் எழுதுங்கள். எண் இல்லையென்றால் அது இன்னும் மேசையில்தான் இருக்கிறது. இணையவழியில் கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகமாக இருந்தால் ரசீது எண்ணும் அதே கட்டத்தில் வரட்டும். 10 ஆண்டு முடிய 18 மாதம் இருக்கும்போதே இந்த வேலை தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு இனிஷியல், பட்டத்தில் இரண்டு இனிஷியல் என்பது போன்ற முரணை முதல் நாளே பார்த்துவிடுங்கள். பணியில் சேர்ந்தபின் படித்த பட்டமென்றால் துறை முன்அனுமதி ஆணையின் நகல் கூடவே இருக்க வேண்டும்.

ஜூனில் சேர்க்கை ஊர்வலத்தில் எல்லோரும் கால் வலிக்க நடப்பார்கள். அதன் கணக்கு முடிவது ஆகஸ்ட் 1-ல். அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. இதில் ஒரு நுணுக்கம். தனியார் பள்ளியிலிருந்து ஒரு குழந்தை வருகிறது, மாறுதல் சான்று இல்லை, பழைய பள்ளியில் கட்டணப் பாக்கி. சான்று தாமதம் என்று காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். தலைமையாசிரியர் சேர்த்துக்கொள்கிறார். குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது, காலைச் சிற்றுண்டி சாப்பிடுகிறது, வருகைப் பதிவேட்டிலும் பெயர் இருக்கிறது. கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவான எமிஸில் மட்டும் பழைய பள்ளியிலேயே நிற்கிறது. பழைய பள்ளி அதை எமிஸின் பொதுத் தொகுப்பான காமன் பூலுக்கு விடும்வரை இந்தப் பள்ளியின் கணக்கில் ஏறாது. அது 61-ஆவது குழந்தையாக இருந்துவிட்டால் மூன்றாவது ஆசிரியர் உபரி, அடுத்தது வேறு பள்ளிக்குப் பணிநிரவல்.

ஜூலை 10-க்குள் ஒவ்வொரு பள்ளியிலும் ‘வகுப்பில் உண்டு, எமிஸில் இல்லை’ என்ற பட்டியலை வாங்கிவிடுங்கள். குழந்தையின் எமிஸ் எண், பழைய பள்ளியின் பெயர், சேர்ந்த தேதி, தலைமையாசிரியரின் கடிதம் நான்கும் சேர்ந்தால்தான் வட்டாரக் கல்வி அலுவலர் மாவட்ட எமிஸ் ஒருங்கிணைப்பாளரிடம் பேச முடியும். ஜூலை 31 மாலை சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். பணியிடத்தைக் காப்பாற்ற, பள்ளிக்கே வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் வைத்திருப்பவருக்கு இயக்கம் குடை பிடிக்கக் கூடாது. ஆய்வில் சிக்கினால் 17(ஆ) என்ற பெருந்தண்டனைக்கான குற்றச்சாட்டு வருவது தலைமையாசிரியருக்கு, கெட்ட பெயர் எல்லோருக்கும்.

கலந்தாய்வு பற்றி எல்லாருக்கும் தெரியும், ஒன்று மட்டும். மாறுதல் ஆணை வாங்கியவர் புதுப் பள்ளியில் சேர்ந்த படத்தை ஸ்டேட்டஸில் போட்டால் வேலை முடிந்துவிடாது. பழைய அலுவலகம் களஞ்சியத்தில் அவரை விடுவிக்க வேண்டும், புதிய அலுவலகம் அதே களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். முதலாவது நடக்காமல் இரண்டாவது நடக்காது, அந்த மாதச் சம்பளமும் நடக்காது. அலுவலகம் ஊதியப் பட்டியல் போட உட்காருவதற்கு முன்பே இரண்டு வட்டாரச் செயலாளர்களும் ஒரு போன் பேசிக்கொண்டால் தீர்கிற விஷயம் இது. எதிர் அணிச் செயலாளராக இருந்தாலும் பேசுங்கள்.

பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) பணி பற்றிக் கோபம் நியாயமானது. ஆனால் சட்டத்தைத் தவறாக மேற்கோள் காட்டிக் கோபப்படாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றையும் விலக்கித்தான் வைத்திருக்கிறது. மற்றவற்றுக்கு மறுக்கலாம், இந்த மூன்றுக்கு முறைப்படுத்தத்தான் கேட்க முடியும். 2025 நவம்பர் 4-ல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வகுப்பறைகள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2027 கணக்கெடுப்புக்கு வீட்டுப்பட்டியல் பணி 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள், தலை எண்ணும் பணி 2027 பிப்ரவரியில். வட்டாட்சியர் அலுவலகம் பெயர் எடுக்கும் முன்பே ஈராசிரியர் பள்ளிகளின் பட்டியலைக் கொடுத்து, ஒரே பள்ளியின் இருவரையும் ஒருசேர எடுக்க வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். ஆணை வந்தபின் கேட்டால் ‘அடுத்த முறை பார்க்கலாம்’தான். வாய்மொழியாகவோ வாட்ஸாப்பிலோ வரும் பணிக்கு ஆணை கேளுங்கள். ஆணை இல்லாமல் பள்ளியை விட்டுப் போனவர் அன்று விடுப்பிலா, பணியிலா என்பதற்குப் பதிவேட்டில் பதில் இருக்காது.

தகுதித்தேர்வைப் பொறுத்தவரை 1.9.2025 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஏற்கெனவே பணியில் இருப்பவரும் தேர்ச்சி பெறச் சொன்ன கெடு இரண்டு ஆண்டு. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர் தொடரலாம், தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வு இல்லை. மறுசீராய்வு, சட்டத் திருத்தம் என்று மேலே நடப்பது நடக்கட்டும். உங்கள் நோட்டில் பிறந்த தேதி இருக்கிறது, யார் எந்தப் பக்கம் என்று ஒரே மாலையில் பிரித்துவிடலாம். முதல் தாளா இரண்டாம் தாளா என்ற குழப்பத்தையும் அப்போதே தீர்த்துவிடுங்கள். இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியவரிடம் ‘படிங்க மேடம்’ என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். பழைய வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு நாலு பேராக உட்கார்ந்தால் கூச்சம் போய்விடும்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். சிறுதண்டனைக்கான 17(அ)வா, பெருந்தண்டனைக்கான 17(ஆ)வா என்று பாருங்கள். பெற்றுக்கொண்ட தேதியோடு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், வாங்க மறுப்பதால் ஒரு பயனும் இல்லை. இணைப்பில் சொன்ன ஆவணங்களின் நகலைக் கேட்டு உடனே ஒரு கடிதம். விளக்கத்தைக் குறித்த கெடுவுக்குள், அதிகம் போனால் இரண்டு பக்கத்தில், குற்றச்சாட்டு வாரியாக. ‘பழிவாங்கும் நோக்கோடு’ என்ற சொற்றொடரை எடுத்துவிடுங்கள். விளக்கம் ஆசிரியர் தன் பெயரில் தருவது, அதை இயக்கத்தின் லெட்டர்பேடில் எழுதவே கூடாது. 17(ஆ) நிலுவையில் இருந்தால் ஜனவரி 1 நிலவரப்படி தயாராகும் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் நிற்காது. எனவே விசாரணையை இழுத்தடிப்பது அவருக்கு உதவி என்று எண்ண வேண்டாம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமைக் குறைதீர் நாளுக்குப் போகும்போது மனு ஒன்றுக்கு விஷயம் ஒன்று. பதினான்கு கோரிக்கைகளை ஒரே தாளில் கொடுத்தால் பதினான்கு செக்ஷனுக்கும் அது சொந்தமில்லாத தாளாகிவிடும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். 30 நாளில் அசைவில்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு. அதைச் சங்கத்தின் பெயரில் போட்டால் உரிமை குடிமக்களுக்கே என்று திருப்புவார்கள், உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள். ‘ஏன் தரவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘இன்ன தேதி மனுவின் ந.க. எண் என்ன, இன்று அது யார் மேசையில்’ என்று கேளுங்கள்.

கடைசியாக, எல்லோரும் மெதுவான குரலில் பேசும் விஷயம். அரியர் பட்டியல் போடும் மாதத்தில் ‘தலைக்கு இவ்வளவு’ என்று வசூலிக்கும் வேலையை இயக்கப் பொறுப்பாளரே செய்யும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. விரைவாக முடியும் என்பார்கள், முடியும்தான். அடுத்த அரியருக்கு அந்தத் தொகை கட்டணமாகிவிடும், ஏன் தாமதம் என்று கேட்கும் வாய் உங்களுக்கு இருக்காது. நீங்கள் வாங்கும் பணத்துக்கெல்லாம் ரசீது இருக்கட்டும். சந்தா, மாநாட்டு நிதி, வழக்கு நிதி மூன்றுக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகம், அடிக்கட்டையோடு.

ஒரு பின்குறிப்பு: சம்பளத்தில் வருமான வரி பிடிப்பது ஒரு வேலை, காலாண்டு டிடிஎஸ் கணக்கைத் தாக்கல் செய்வது வேறு வேலை. இரண்டாவது நின்றுபோனால் பிடித்த வரி ஆசிரியரின் பான் கணக்கில் வரவாகாமல் அவருக்கு நோட்டீஸ் வரும். ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31 என்ற நான்கு தேதிகளையும் நோட்டின் உள்அட்டையில் எழுதி வையுங்கள். சிபிஎஸ் கணக்குத்தாள் வந்ததும் பன்னிரண்டு மாதச் சந்தாவும் அகவிலைப்படி அரியரின் பிடித்தமும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். விடுபட்ட மாதங்கள் பெரும்பாலும் மாறுதல் நடந்த மாதங்களாகவே இருக்கும்.

பொறுப்பு மாறும்போது கொடியோடு நோட்டையும் ரசீதுப் புத்தகங்களையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வட்டாரப் பொறுப்புகளிலிருந்து இறங்கிய சிலர்