அனுசரணைச் சீட்டை நீட்டுவதற்கு முன்: நடைபவனி பற்றிப் பெற்றாருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றார், பாதுகாவலர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் முதலாவது சனிக்கிழமை காலை 6.00 மணிக்கு எமது நடைபவனி புறப்படுகிறது. பாடசாலை வாசலில் தொடங்கி, மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தைக் கடந்து கடற்கரை வரை போய் அதே வழியில் திரும்பி வருவோம். போக வர 6 கிலோமீற்றர். தரம் 6 தொடக்கம் 11 வரையான பிள்ளைகள் நடப்பார்கள். சேரும் பணத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள ஒரு சிறிய ஆரம்பப் பாடசாலைக்கு 1,000 லீற்றர் தாங்கியும் குடிநீர் வடிகட்டியும் பொருத்தப்படும்.

தொப்பி, தண்ணீர்ப் போத்தல், பழகிய சப்பாத்து. நடைக்கு இவ்வளவும் போதும். புதுச் சப்பாத்து மட்டும் வேண்டாம், இரண்டாம் கிலோமீற்றரிலேயே குதிக்கால் கொப்பளித்துவிடும். இக்கடிதம் நடையைப் பற்றியதல்ல. இன்று உங்கள் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவரும் சீட்டுக் கட்டைப் பற்றியது.

கட்டில் 10 சீட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் தொடர் இலக்கம் இருக்கும். ஒரு சீட்டு ஓர் அனுசரணையாளருக்கு, அதாவது பிள்ளை நடப்பதற்காகப் பணம் தருவதாக எழுதிக் கொடுப்பவருக்கு. ஒரே தாளில் பத்துப் பேரின் பெயரையும் தொகையையும் கீழே கீழே எழுதும் பட்டியல்தான் பல இடங்களில் வழக்கம். அது செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தத் தாளில் முதல் வரிதான் மிச்சம் எல்லா வரிகளையும் தீர்மானிக்கிறது. சுவிஸில் இருக்கும் சித்தப்பாவின் பெயரில் முதல் வரியில் 10,000 ரூபாய் என்று எழுதியிருந்தால், 100 ரூபாய் தர நினைத்த பக்கத்து வீட்டு அக்கா என்ன செய்வார்? பேனையைக் கையில் பிடித்தபடி மேலே பார்ப்பார், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார், 500 என்று எழுதுவார். அந்த 400 ரூபாய் அவருடைய விருப்பத்தில் வந்ததல்ல. மறுபக்கமும் உண்டு: முதல் வரியில் 50 ரூபாய் கிடந்தால் ஆயிரம் தரக்கூடியவரும் நூறோடு நிறுத்திக்கொள்வார். ஆகவேதான் தனித்தனிச் சீட்டு. ஒருவர் எழுதியதை அடுத்தவருக்குக் காட்டக்கூடாது, வாயாலும் சொல்லக்கூடாது. "மற்றவர்கள் எவ்வளவு போட்டார்கள்?" என்று யாராவது கேட்டால், "நீங்க விரும்பினதைப் போடுங்க" என்பதே பிள்ளையின் பதில்.

கேட்கும் விதத்துக்கு வருவோம். "ஏலாது" என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு இடம் வைத்துத்தான் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கும் வாசகம் இது: "மாமா, வாற மாசம் நாங்க ஆறு கிலோமீற்றர் நடக்கப் போறம். படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒண்டுக்குத் தண்ணி வடிகட்டி வாங்க. உங்களுக்கு ஏலுமெண்டா ஒரு சீட்டுத் தாறன், ஏலாட்டியும் பரவாயில்ல." கடைசி இரண்டு சொல்லையும் பிள்ளை விழுங்கிவிடாமல் வீட்டில் ஒருதரம் சொல்லிப் பார்க்க வையுங்கள். மறுத்தவரிடம் காரணம் கேட்கவோ, "ஐம்பது ரூபாயாவது" என்று இறக்கிக் கேட்கவோ, இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போகவோ வேண்டாம். "யோசிச்சுச் சொல்றன்" என்பதும் பெரும்பாலும் மரியாதையான மறுப்புத்தான்.

யாரிடம் கேட்பது? உறவினர், பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் அயலவர், உங்களோடு வேலை செய்பவர்கள். இவர்களிடமும் வளர்ந்தவர் ஒருவர் கூடப் போகாமல் பிள்ளை தனியே போகக்கூடாது. பஸ் நிலையத்தில் நிற்பவர், கோயில் வாசலில் வருபவர், சந்தையில் வியாபாரத்தின் நடுவில் நிற்பவர் வேண்டாம். உங்களிடம் கூலிக்கு வேலை செய்பவரிடமும், உங்களுக்குக் கடன் தரவேண்டியவரிடமும் கேட்காதீர்கள். அவர்களால் மறுக்க முடியாது. வகுப்பாசிரியரிடம் கேட்பதையும் நிறுத்தியிருக்கிறோம். 35 பிள்ளைகள் ஆளுக்கொரு சீட்டை நீட்டினால், தலைக்கு 100 ரூபாய் என்றாலும் 3,500 ரூபாய் ஆகிறது. ஒருவருக்குப் போட்டு மற்றவருக்குப் போடாமல் விடவும் ஆசிரியரால் முடியாது. ஆசிரியர்கள் தம் பங்கைப் பொதுவாகப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் செலுத்துவார்கள்.

அனுசரணை தருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகளுக்கு அடுத்த வீட்டார் 200 ரூபாய் போட்டால் அவர்கள் மகனுக்கு நீங்களும் 200 போடுவது, கலியாண வீட்டில் கவருக்குள் வைத்ததை ஞாபகம் வைத்துத் திருப்பி வைப்பதைப் போன்றது. தவறில்லை, ஆனால் கடமையுமில்லை. மூன்று வீடுகள் இப்படிச் சுற்றிப் போட்டால் யார் விரும்பித் தந்தார் என்றே தெரியாமல் போய்விடும்.

சீட்டில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று முழுத்தொகை, மற்றது கிலோமீற்றருக்கு இவ்வளவு. எதாவது ஒன்றை மட்டும் நிரப்ப வேண்டும். இரண்டையும் நிரப்பினால் 300 ரூபாய் தருவதா, 50 வீதம் ஆறுக்கு 300 தருவதா, இரண்டும் சேர்த்து 600 தருவதா என்ற வழக்கு பிறகு எழும். இந்த நடையில் தூரம் நிலையானது என்பதால் கிலோமீற்றர்க் கணக்கில் ஆபத்துக் குறைவு. மைதானத்தைச் சுற்றி ஓடும் நிகழ்ச்சிகளில்தான் சிக்கல். ஐந்து சுற்று ஓடுவான் என்று நினைத்துச் சுற்றுக்கு 50 ரூபாய் எழுதியவரிடம், பொடியன் 40 சுற்று ஓடி வந்து 2,000 கேட்டால் அவர் முகம் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட படிவத்தில் எங்காவது கையொப்பம் இடுவதானால் "ஆகக்கூடியது" என்று ஓர் எல்லைத் தொகையையும் கூடவே எழுதிவிடுங்கள். அப்படி எழுதுவது கஞ்சத்தனம் அல்ல.

பிள்ளை எவ்வளவு தூரம் நடந்தது என்பதற்கு ஓர் அட்டை தருவோம். கழுத்தில் தொங்கும், ஆறு கட்டங்கள். ஒவ்வொரு கிலோமீற்றரிலும் நிற்கும் ஆசிரியர் ஒரு கட்டத்தில் துளையிடுவார். முத்திரை குத்துவதில்லை, வியர்வையில் மை கரைந்துவிடும். பணம் வாங்கப் போகும்போது அட்டையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள், அதுதான் கணக்கு.

நான்காம் கிலோமீற்றரில் பிள்ளை களைத்து வண்டியில் ஏறினால், கிலோமீற்றர்க் கணக்கில் எழுதியவர் நான்குக்கே தருவார். முழுத்தொகை எழுதியவர் முழுவதையும் தரலாம், குறைத்தும் தரலாம். அதை அவரே சொல்லட்டும், நாம் நினைவூட்டத் தேவையில்லை. காய்ச்சலால் பிள்ளை நடக்கவே இல்லையென்றால் சீட்டைத் திருப்பிக் கொடுத்து "நடக்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள். "எண்டாலும் வச்சுக்கொள்" என்று தந்தால் நன்றியோடு வாங்கலாம். கனடாவில் உறவினர் இருக்கும் வீடுகளில் டெரி ஃபொக்ஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த இளைஞர் 1980 ஏப்ரலில் நாட்டின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதி வழியில் நிறுத்தினார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அவர் கேட்டது கனேடியர் ஆளுக்கு ஒரு டொலர். ஓட்டம் முடியவில்லை, கேட்ட தொகையோ அடுத்த ஆண்டு பெப்ரவரிக்குள் சேர்ந்துவிட்டது. ஆகவே இடையில் நின்றுவிட்ட பிள்ளையை வீட்டில் கேலி செய்யாதீர்கள்.

இனிக் காசு. தவறுகள் அதிகம் நடக்கும் இடம் இதுதான்.

நடைக்கு முன் பணம் வாங்க வேண்டாம், சீட்டு மட்டும். நடந்த பின் 14 நாட்களுக்குள் சேர்த்து முடிக்க வேண்டும். தராதவருக்கு ஒரேயொரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் சீட்டில் "கிடைக்கவில்லை" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். குறையை உங்கள் கையிலிருந்து போட்டு நிரப்ப வேண்டியதில்லை, கணக்கு பொய்யாகிவிடும்.

கவரின் மேல் பிள்ளையின் பெயர், வகுப்பு, சீட்டு இலக்கங்கள், மொத்தத் தொகை எல்லாவற்றையும் முதலில் எழுதிவிட்டுப் பிறகு காசை வையுங்கள். காசை வைத்த பின் எழுதினால் நாணயங்களின் மேட்டில் பேனை குத்திக் கவர் கிழியும். சேர்ந்த காசிலிருந்து மிச்சம் கொடுக்காதீர்கள். 500 ரூபாய் எழுதியவர் 5,000 தாளை நீட்டினால் "மாற்றிக்கொண்டு வாறம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டுச் செலவுக்குக் கைமாற்றாக எடுத்து, சம்பளம் வந்ததும் வைக்கலாம் என்று நினைப்பதும் வேண்டாம். எடுத்தது 200 என்று நினைவிருக்கும், உண்மையில் 350 ஆக இருக்கும். பாடசாலையில் அபிவிருத்திச் சங்கத்தினர் இருவர் உங்கள் முன்னாலேயே எண்ணுவார்கள். காபன் தாள் வைத்த பற்றுச்சீட்டை வாங்காமல் திரும்பிப் போகாதீர்கள். பிள்ளையிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே கொண்டுவந்தால் நல்லது.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணம் நேரே சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். ஆசிரியரின் கணக்குக்கும் வேண்டாம், என் கணக்குக்கும் வேண்டாம். குறிப்பில் பிள்ளையின் சேர்விலக்கத்தை மட்டும் போடச் சொல்லுங்கள். நான்கு பேர் நான்கு முறை 2,000 ரூபாய் அனுப்பினால் அனுப்புகூலி நான்கு முறை போகும். ஒருவர் சேர்த்து அனுப்பட்டும், நான்கு சீட்டிலும் அவரவர் பெயர் இருக்கட்டும். தொகையை ரூபாயிலேயே எழுதுங்கள், நாணய மாற்று நாளுக்கு நாள் மாறும். அத்தோடு, இங்கே காலை 10 மணிக்கு ரொறன்ரோவில் நள்ளிரவு. அன்பான பெரியம்மாவையும் அந்த நேரத்தில் எழுப்பிக் காசு கேட்பது அழகில்லை.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு தடவை போடலாம். பார்த்துவிட்டுப் பதில் சொல்லாதவரைப் பெயர் குறித்துக் கேட்கக்கூடாது. தந்தவர் பட்டியலைப் போடுவது, தராதவர் பட்டியலைப் போடுவதற்குச் சமம். பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, நடக்கும் பாதை, நேரம் எல்லாம் சேர்ந்த பதிவு அந்நியர் கையிலும் போய்ச் சேரும். தாங்கி பொருத்தும் நாளில் படுவான்கரைப் பிள்ளைகள் குவளையோடு நிற்கும் படம் எடுக்கமாட்டோம். தாங்கியைப் படம் எடுத்து அனுப்புவோம்.

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் தெரிந்த முதலாளிமாரிடம் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸகாத் என்பது முஸ்லிம்களின் கட்டாயக் கொடை, குறிப்பிட்ட எட்டு வகையினருக்கே உரிய பணம். விரும்பித் தரும் பொதுவான தர்மமாகிய ஸதகா அப்படியல்ல. ஒருவர் "இது ஸகாத்" என்று சொன்னால் கவருக்குள் போட்டுவிடாமல், இது தண்ணீர்த் தாங்கிக்கான பணம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், முடிவை அவரே எடுக்கட்டும். தொழுகை நேரமான வெள்ளிக்கிழமை நண்பகலில் கடைப்பக்கம் போக வேண்டாம். அதிர்ஷ்டச் சீட்டிழுப்பு வைக்கலாம் என்ற யோசனை வந்தது. சூதாட்டமாகக் கருதிப் பங்குபற்றாத குடும்பங்கள் பல இருப்பதால் விட்டுவிட்டோம்.

கடைகளும் நிறுவனங்களும் தண்ணீர், வாழைப்பழம் தந்தால் ஏற்போம். சிகரெட், மதுசாரம் சார்ந்த பெயர் எதுவும் எங்கும் வராது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டமும் அதைத் தடுக்கிறது. ரீசேட் அச்சடிக்கப் போவதில்லை, சீருடையே போதும்.

அதிகம் சேர்த்த பிள்ளைக்குப் பரிசு கிடையாது. அப்படி வைத்தால் போட்டி பிள்ளைகளுக்குள் அல்ல, அப்பாமாரின் பணப்பைகளுக்குள் நடக்கும். ஒரு சீட்டும் நிரம்பாத பிள்ளையும் அதே வரிசையில், அதே அட்டையோடு நடக்கும். யார் எவ்வளவு என்று வகுப்பில் வாசிக்கப்படமாட்டாது. மொத்த வரவும் செலவும் மட்டும் அறிவித்தற்பலகையில் ஒட்டப்படும்.

நிரம்பாத சீட்டுகளையும் கவரோடு திருப்பி அனுப்புங்கள். பத்தில் ஒன்று குறைந்தாலும் அந்த இலக்கத்தைத் தேட வேண்டிவரும். தொலைந்திருந்தால் கடைசி நாள் வரை காத்திராமல் உடனே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், அந்த இலக்கத்தை இரத்துச் செய்து வாசலில் எழுதிப் போட்டுவிடுகிறோம்.

இப்படிக்கு,
அதிபர்