அக்காவைக் கேட்டிருக்கும் ஆய்வு பற்றி

லீட்ஸ்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் பேத்திக்குக் காது குத்திய படங்களும் வந்து சேர்ந்தன. அழுகிற முகத்திலும் குழந்தைக்கு உன் அம்மாவின் சாயல் அப்படியே இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற பிறகும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே நாங்கள் சுகம். குளிர் தொடங்கிவிட்டதால் முழங்கால் கொஞ்சம் படுத்துகிறது, அவ்வளவுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் மகன் வீட்டில் இருக்கும் உன் அக்காவை, இதயச் சிகிச்சைக்குப் போன இடத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். "வயசான காலத்தில் அவளை வைத்துச் சோதனை பண்ணப் பார்க்கிறார்களா?" என்று எழுதியிருக்கிறாய். நீ பதறுவதில் தப்பே இல்லை. மருந்துச் சோதனை என்றாலே ஏழைகளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஊசி போட்ட கதைகள்தான் நாம் கேட்டு வளர்ந்தவை, அவற்றில் உண்மையும் உண்டு. ஆனாலும் சேர்வதா வேண்டாமா என்பதை அக்கா பயந்துபோய் முடிவு செய்யக் கூடாது. இத்தனை வருஷமாக ஆய்வுப் பிரிவு நர்ஸாக நான் பார்த்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு அவளிடமும் வாசித்துக் காட்டு.

ஓர் ஆய்வு நடக்கிறது என்றால், இரண்டு வழியில் எது நல்லது என்று மருத்துவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். தெரிந்திருந்தால் நேராகக் கொடுத்துவிடுவார்கள், ஆய்வுக்கே வேலை இல்லை. "தெரியவில்லை" என்று ஒரு மருத்துவர் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்க நமக்குக் கஷ்டமாக இருக்கும். நம் ஊரில் டாக்டர் என்றால் தெரிந்தவர். ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2020-ல் கொரோனா வந்தபோது நாம் எல்லோரும் பார்த்தோமே.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் எங்கள் வார்டுகள் நிரம்பிக்கொண்டிருந்தன. எதைக் கொடுத்தால் பிழைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லான்ட்ரேயும் 'ரெக்கவரி' என்ற ஆய்வைத் தொடங்கினார்கள். திட்டம் எழுதி ஒன்பது நாளுக்குள், மார்ச் 19-ஆம் தேதி, முதல் நோயாளி சேர்ந்துவிட்டார். சாதாரணமாக இதற்கு மாதக்கணக்கில் ஆகும். பிரிட்டன் முழுக்க 170-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சேர்ந்துகொண்டன, நாங்களும் சேர்ந்தோம். பணம் அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிதியிலிருந்து வந்தது.

உன் அக்கா மகன் பார்த்த காகிதத்தில் ஸ்பான்சர் என்று பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்ததாம், அவர்கள்தான் பணம் போடுகிறார்களா என்று கேட்டிருக்கிறாய். பணம் வேறு இடத்திலிருந்தும் வரலாம். ஸ்பான்சர் என்று யார் பெயர் இருக்கிறதோ, அந்த ஆய்வு ஒழுங்காக நடப்பதற்கு அவர்கள்தான் பொறுப்பு. காப்பீடு இருக்கிறதா, விதிப்படி நடக்கிறதா, யாருக்காவது பாதிப்பு வந்தால் உரிய இடத்துக்குத் தகவல் போகிறதா, எல்லாம் அவர்கள் தலையில்.

ரெக்கவரியில் என் வேலை எப்படி இருந்தது என்று சொல்கிறேன். முகக்கவசம், கண்ணாடி, கவுன் எல்லாம் மாட்டிக்கொண்டு கட்டிலோரம் நின்று விஷயத்தைச் சொல்வேன். சொல்வது எல்லாம் இரண்டு மூன்று பக்கத்துக்குள் அடங்கிவிடும், வேண்டுமென்றே அவ்வளவு சுருக்கமாக வைத்திருந்தார்கள். பேச முடியாத நிலையில் இருப்பவர்களுக்காக வீட்டாரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசுவோம், அப்போது யாரும் உள்ளே வர முடியாதே. சம்மதம் கிடைத்ததும் கணினியில் விவரங்களைப் பதிய வேண்டும். கடைசிப் பொத்தானை அழுத்தினால் சில நொடியில் திரையில் பதில் வரும்: இவருக்கு இந்த மருந்து, அல்லது வழக்கமான சிகிச்சை மட்டும். அந்தத் தேர்வில் எனக்கும் டாக்டருக்கும் ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பவர்களுக்கும் கை கிடையாது. குடவோலையில் சிறுபிள்ளை கைவிட்டு எடுத்த ஓலை மாதிரிதான். வேண்டியவர், வேண்டாதவர், நன்றாக இருப்பவர், மோசமாக இருப்பவர் என்று யாரும் பார்த்துப் பார்த்து ஒதுக்க முடியாது. அப்படிப் பிரித்தால்தான் கடைசியில் தெரியும் வித்தியாசம் மருந்தால் வந்தது என்று நம்ப முடியும்.

ஒரு பெரியவர், ஆக்ஸிஜனில் இருந்தவர், திரையில் வந்த பதிலை நான் சொன்னதும், "அப்போ எனக்கு ஒன்றும் இல்லையா, சிஸ்டர்?" என்று கேட்டார். அவருக்கு வழக்கமான சிகிச்சைதான் வந்திருந்தது. ஆக்ஸிஜன், கவனிப்பு எல்லாம் எல்லோருக்கும் போல அவருக்கும் உண்டு, புதிதாக மருந்து மட்டும் சேராது என்று விளக்கினேன். முகம் வாடிவிட்டது. மருந்து கிடைத்தவர்களைவிட அவர் நிலை மோசமா என்று கேட்டால், அன்றைக்கு உலகத்தில் ஒருவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் பதில் சொல்லியிருக்க முடியாது என்பதைப் பார். அப்போது இரண்டு மருந்துகள் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்று ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து. அமெரிக்காவில் அவசர அனுமதி கொடுத்தார்கள். நம் நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் தடுப்புக்காகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொன்னது. மருந்துக்கடைகளில் அந்த மாத்திரைக்கு எவ்வளவு அடிதடி என்று நீயே எழுதியிருந்தாய். வார்டில் நோயாளிகள் அதைக் கேட்டுக் கேட்டு வாங்க நினைத்தார்கள். இன்னொன்று டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, வீக்கத்தைக் குறைக்கும் மருந்து. அதைக் கண்டு பலருக்குப் பயம், வைரஸ் காய்ச்சலில் ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பைக் குறைத்துவிடுமோ என்று. ஆய்வுக்கு வெளியே வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் உலக சுகாதார அமைப்பும் அப்போது சொல்லியிருந்தது.

முடிவு நேர்மாறாக வந்தது. எல்லோரும் நம்பிய ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 27 சதவீதம், பெறாத 3,155 பேரில் 25 சதவீதம். பலன் இல்லை. ஜூன் 5-ஆம் தேதி அந்தப் பிரிவில் ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஜூன் 16-ஆம் தேதி டெக்ஸாமெதசோன் முடிவு வந்தது. 2,104 பேருக்குத் தினமும் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள் கொடுத்திருந்தார்கள். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், மருந்து பெறாத நூறு பேருக்கு 41 பேர் இறந்திருந்தார்கள், பெற்றவர்களில் 29 பேர். ஆக்ஸிஜன் மட்டும் வைத்திருந்தவர்களில் 26 என்பது 23 ஆகக் குறைந்திருந்தது. அன்றைக்கே பிரிட்டன் அந்த மருந்தை எல்லா மருத்துவமனைகளிலும் கொடுக்கச் சொல்லிவிட்டது. அடுத்த மார்ச்சுக்குள் உலகம் முழுக்கச் சுமார் பத்து லட்சம் உயிர்களை அது காப்பாற்றியிருக்கும் என்று இங்கிலாந்தின் சுகாதாரச் சேவை கணக்கிட்டது.

அந்த 4,321 என்ற எண்ணை நீ கவனிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். "எனக்கு ஒன்றும் இல்லையா" என்று கேட்ட பெரியவர் அதில் ஒருவர். அவர்கள் இல்லாவிட்டால் 29 என்பது நிறையவா குறைவா என்று யாருக்குத் தெரியும்? எதோடு ஒப்பிடுவது? மருந்து வாங்கியவர்கள் எவ்வளவு கொடுத்தார்களோ, வாங்காதவர்களும் அவ்வளவு கொடுத்தார்கள். அவர்களுக்கு யாரும் சரியாக நன்றி சொல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அக்காவுக்கு மருந்து இல்லாத பக்கம் வந்தாலும் அவள் வீணாகச் சேர்ந்தாள் என்று ஆகாது. இதை அவளுக்கு அழுத்திச் சொல்.

பல்கலைக்கழகங்கள் இதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள் என்பதையும் யோசித்துப் பார். டெக்ஸாமெதசோன் அறுபது வருஷத்துப் பழைய மருந்து. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவீக்கத்துக்கும் கொடுப்பது, கொள்ளை மலிவு. அதைப் பெரிய ஆய்வில் வைத்துப் பார்ப்பதால் எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. அக்காவிடம் கேட்டிருப்பதும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். பலரும் சாப்பிடும் பழைய மாத்திரை, அவள் வயதுக்காரர்களுக்கு உதவுமா என்பதுதானே கேள்வி? புத்தம் புதிதாக ஒரு மருந்தை முதன்முதலில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது வேறு விஷயம், அதன் ஆபத்தும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அந்த ஸ்டீராய்டு கதையில் நம் ஊருக்கும் ஒரு பாடம் இருந்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பலன் தெரியவில்லை. அவர்களில் மருந்து பெற்றவர்கள் 17.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பெறாதவர்கள் 14 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், ஆனால் கொடுக்கலாம் என்று சொல்ல இடமில்லை. இதுவும் அதே அறிக்கையில் இருந்தது. ஆனால் 2021-ல் இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கே வாட்ஸ்அப்பில் வந்த சீட்டைப் பார்த்து எத்தனை வீடுகளில் ஸ்டீராய்டு விழுங்கினார்கள்! பிறகு கருப்புப் பூஞ்சை வந்தபோது, கண்டபடி ஸ்டீராய்டு கொடுத்ததும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். ஆய்வின் பாதியைப் படித்துவிட்டு மீதியை விட்டதன் விலை அது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது வெளிநாட்டுச் சமாசாரம் என்றும் நினைக்காதே. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மையம் தொடங்கி இதே முறையில்தான் பார்த்தார்கள், நோயாளிகளைச் சானடோரியம் என்ற தனி காசநோய் மருத்துவமனையில் வைப்பதா, வீட்டிலேயே மாத்திரை கொடுப்பதா என்று. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் வசதியும் குறைவு, இருந்தும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அதற்குப் பிறகுதான் உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்தது. சென்னையின் ஏழைக் குடும்பங்கள் உலகத்துக்குக் கொடுத்தது அது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வை நடத்திவிட்டு முடிவை வெளியிடாமல் விடுவது பல்கலைக்கழகங்களின் கெட்ட பழக்கம். 2018-ல் மருத்துவ ஆய்வுகளுக்கான ஐரோப்பியப் பதிவேட்டில், முடிவு தர வேண்டிய கெடு தாண்டிய ஆய்வுகளைச் சரிபார்த்தார்கள். கம்பெனிகள் 68 சதவீதம் தந்திருந்தன, பல்கலைக்கழகம் போன்ற வணிகம் சாராத இடங்கள் வெறும் 11 சதவீதம். பிறகு நாடாளுமன்றக் குழு பிடித்து உலுக்கியதில் இங்கே நிலைமை சீரானது. ஆனாலும் உடம்பைக் கொடுத்து உதவியவர்களுக்கு விடை சொல்லாமல் விடுவது துரோகம் என்பேன். அதனால் அக்கா கேட்க வேண்டிய முதல் கேள்வி, முடிவு எப்போது வரும், எனக்கு எப்படித் தெரிவிப்பீர்கள் என்பதுதான்.

அப்புறம், சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை என்று கேட்கட்டும். கூடுதலாக எத்தனை முறை மருத்துவமனைக்குப் போக வேண்டும், எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், பஸ் காசு தருவார்களா என்றும் கேட்கட்டும். இப்போது சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா என்று கேட்கும்போது, நாட்டு மருந்து, கஷாயம் ஏதாவது எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடுவில் பிடிக்கவில்லை என்றால் காரணமே சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை குறையாது. இது சட்டப்படி அவள் உரிமை, யாருடைய தயவும் வேண்டியதில்லை. ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவத் துறை சாராத பொதுமக்களும் இங்கே இருப்பார்கள். அக்காவைப் போன்றவர்களுக்குப் புரிகிற மாதிரி காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை.

இன்னும் ஒன்று ரொம்ப முக்கியம். மகன் மொழிபெயர்த்துச் சொல்ல, அக்கா தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல். பிள்ளைகள் நல்ல எண்ணத்தில்தான் சுருக்குவார்கள், ஆனால் தலைசுற்றும், ரத்தக்கசிவு வரலாம் போன்ற வரிகளை அம்மா பயப்படுவாளே என்று விட்டுவிடுவார்கள். எத்தனையோ குடும்பங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காகிதத்தை எல்லாப் பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். அடுத்த சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை, மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டு வரி வரியாகத் தமிழில் சொல்கிறேன். சேரச் சொல்லியும் வற்புறுத்த மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அவளுக்குச் சரி என்று படவில்லை என்றால் விட்டுவிடலாம், எங்களைப் போன்ற நர்ஸ்கள் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம். நீயும் அந்த நேரத்தில் இணைப்பில் வந்தால் நல்லது. உங்களுக்கு அப்போது சாயங்காலம் ஏழு மணி ஆகியிருக்கும், வகுப்பு முடிந்திருக்கும் இல்லையா?

அத்தானை விசாரித்ததாகச் சொல். அவருடைய சர்க்கரை அளவு என்ன என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி