எண்ணெயில் பிரிந்துபோன அதிரசம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் போனில் பேசியபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதிரசத்தை எண்ணெயில் போட்டதும் பிரிந்து, வாணலியின் அடியில் மணல் போலப் படிந்துவிட்டது என்று சொல்லும்போதே உன் குரல் உடைந்துவிட்டது. "பாகு பதம் தப்பியிருக்கும், விடு" என்று அம்மா முடித்துவிட்டாள். எனக்கு மனம் கேட்கவில்லை. நம் வீட்டில் பாகு பார்ப்பது அவள் வேலை என்றாலும், மாவைக் கொட்டிக் கிளறுவது 31 வருடமாக என் கைதான். தீபாவளிக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. மறுபடியும் செய்து பார்.

தப்பு பாகில் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். இலங்கைத் தமிழர் கடையில் அரிசி மாவு வாங்கியதாகச் சொன்னாய். அங்கே இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் என்று வறுத்த மாவும் விற்பார்கள். அது அதிரசத்துக்கு ஆகாது. வறுக்காத மாவாக இருந்தாலும் பாக்கெட்டில் வருவது உலர்ந்த மாவு, பாகோடு சேர்ந்து பிடிக்காது. பச்சரிசி ஒரு கிலோ வாங்கி இரண்டு மணி நேரம் ஊறவை. தண்ணீரை வடித்து, வீட்டுக்குள்ளேயே ஒரு வேட்டியை விரித்து அதில் பரப்பு. அரிசியைக் கையில் அள்ளிப் பிடித்தால் உள்ளங்கையில் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த நிலையிலேயே மிக்சியில் அரைத்துச் சலித்துவிடு. என் அம்மா, உன் ஆயா காலத்தில் உரலில் இடித்தார்கள். மிக்சி மாவிலும் ருசி குறையவில்லை என்று ஆயாவே ஒத்துக்கொண்டாள்.

ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். கரைவதற்கு மட்டும் தண்ணீர் விட்டு, மண் போக வடிகட்டி அடுப்பில் ஏற்று. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள். பாகில் ஒரு சொட்டை அதில் விட்டுப் பார். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை, நீ அங்கேதான் இறக்கியிருப்பாய். விரலால் கூட்டினால் திரண்டு வர வேண்டும். எடுத்து உருட்டினால் மெத்தென்று நிற்க வேண்டும், அழுத்தினால் தட்டையாக வேண்டும். தட்டில் போட்டு 'டங்' என்று கேட்டால் அது கடலை உருண்டைக்கான பாகு, கடந்துபோய்விட்டது என்று அர்த்தம். தீபாவளி அமாவாசையில் எடுக்கும் கேதார கௌரி நோன்புக்கு என்று செய்யும்போது படைக்கும் முன் வாயில் வைத்துப் பார்க்க முடியாதே! அதனால்தான் நம் வீட்டில் எல்லாமே கண்ணும் விரலும் பார்க்கும் பதமாக இருக்கிறது.

இறக்கியதும் ஏலக்காய், சுக்கு, எள் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறு. கை வலிக்கும்போது மாப்பிள்ளையைக் கூப்பிடு, அது ஆண்கள் செய்ய வேண்டிய வேலை. கெட்டியாகும் வரை கிளறாதே. தளர்வாக இருக்கும்போதே நிறுத்து, மறுநாள் தானே இறுகிவிடும். மேலே நெய் தடவி, துணியால் வேடு கட்டி இரண்டு நாள் வை.

உன் அம்மா முதல் வருடம் சுட்ட அதிரசம் கல்லாகிவிட்டது, உனக்குத் தெரியுமா? அவள் பிறந்த வீட்டில் கேதார கௌரி நோன்பு கிடையாது. அமாவாசையன்று 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு என்று அடுக்குவதையே இங்கே வந்துதான் பார்த்தாள். பாகு முறுகிவிட்டது. ஆயா ஒரு வார்த்தை திட்டவில்லை. மீந்த அதிரசத்தை இட்லிப் பானையில் ஆவி காட்டி மெத்தென்று ஆக்கி, தறிக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்தாள். மறுவருடம் அடுப்பின் எதிரில் அம்மாவை உட்கார வைத்து, கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டுத் தான் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஆயாதான் கடைசிவரை, "உனக்குப் பிறகு இந்தப் படையலுக்கு யார் சுடுவார்கள்?" என்று உன் அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நோன்பு மருமகளுக்குத்தான் போகும், பெண்ணுக்குப் புகுந்த வீட்டு வழக்கம் என்று ஊரில் சொல்வார்கள். நமக்கு நீ ஒருத்திதான். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். நானும் பேசாமல் இருந்தேன். "என் பெண் சுடுவாள்" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு.

நோன்பு எடுப்பது நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாவிடம் பேசி முடிவு செய்ய வேண்டியது. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அதிரசம் உன்னுடையது. அதைச் செய்ய நீ யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நேற்று இரவு தறிக்குப் பாவு நூல் சுற்றி முடித்த பிறகு நோன்புக் கயிறு திரித்தோம். அம்மா நூலைப் பிடித்துக்கொண்டாள், நான் 21 இழையையும் எண்ணி முறுக்கி மஞ்சளில் நனைத்தேன். எப்போதும் வீட்டுக்கு இரண்டு கயிறு திரிப்போம். இந்த முறை அம்மா நான்கு எடுத்து வைத்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. படைத்த பிறகு உங்கள் இருவருக்கும் தபாலில் வரும்.

சுடும் அன்று எண்ணெய் புகையக் கூடாது, தீ மிதமாக இருக்கட்டும். முதலில் ஒன்றை மட்டும் வாழையிலையில் தட்டிப் போட்டுப் பார். பிரிந்தால் பயப்படாதே, மாவில் இரண்டு பிடி ஈர அரிசி மாவு சேர்த்துப் பிசைந்துகொள். உப்பி மேலே வந்தால் திருப்பிவிட்டு, சிவந்ததும் எடுத்து, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடி. அந்த நேரம் இங்கே நள்ளிரவாக இருந்தாலும் போன் செய்.

அன்புடன்,
அப்பா
ஆரணி